திறமை ஒரே பக்கம் குவிந்தால்

1998-லும் 2001-லும் மலேசியக் கால்பந்து லீக்கை வென்றது நம்ம பினாங்கு. 2014 முதல் 2023 வரை பத்து முறையும் ஜொகூர் டாருல் தாக்சிம்தான் சாம்பியன்.

"சம்பளம் கூடக் கிடைக்கிற இடத்துக்கு ஆட்டக்காரன் போறது தப்பா?" என்று சிட்டி ஸ்டேடியத்தில் நண்பர்கள் கேட்பார்கள். தப்பில்லை என்பேன், குடும்பத்தைக் காப்பதும் தர்மமே. ஜெயிக்கிற அணியையும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஈடான எதிரணி இல்லாவிட்டால் வெற்றிக்கு ருசி ஏது? அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்தில், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் வாய்ப்பு பொதுவாகப் பின்தங்கிய அணிகளுக்கே. போட்டியைக் காக்கும் விதி அது. அதை வகுப்பது லீக்கை நடத்துபவர்களின் கடமை.

தம்பிகளே, அடுத்த மன்றப் போட்டியில் கெட்டிக்காரர்களை ஒரே அணியில் சேர்க்காமல் பிரிச்சுப் போடுவோம். அது நம்ம கையில்தானே இருக்கு!