வெனிலாப் பூவும் உழைப்பாளியின் ஹக்கும்

அல்ஹம்து லில்லாஹ். ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



பெருநாள் அன்று நம் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பது ஐஸ்கிரீம். அதில் சேர்க்கும் அசல் வெனிலா, ஒரு ஆர்கிட் கொடியின் காயிலிருந்து கிடைப்பது. அந்தப் பூவை அல்லாஹ் அமைத்திருக்கும் விதத்தைச் சற்று சிந்தியுங்கள்.

வெளியே மூன்று இதழ்கள், உள்ளே மூன்று இதழ்கள். உள்ளே இருப்பவற்றில் ஒன்று மட்டும் உதடு போல் வடிவம் மாறி, வரும் பூச்சிக்கு வழி காட்டுகிறது. பூவின் ஆண் பகுதியும் பெண் பகுதியும் ஒரே தூணாக இணைந்திருக்கின்றன. மேலே திரண்ட மகரந்தம், கீழே சூல்முடி, நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. அதனால் மகரந்தம் தானாகப் போய்ச் சேர வழியில்லை. உள்ளே நுழைந்து திரும்பும் தேனீதான் அதைச் சுமந்து செல்ல வேண்டும். பூ மலர்ந்திருப்பதோ ஒரு நாளில் சில மணி நேரம்!

இதன் தாயகம் மெக்சிகோ பகுதி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கொடியை இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்குக் கொண்டு வந்தார்கள். கொடி படர்ந்தது, பூத்தது. ஆனால் காய்க்கவில்லை. மண் இருந்தது, மழை இருந்தது. அந்தத் தேனீ இல்லை. படைத்தவன் நியமித்த ஒரு சிறு பணியாளன் இல்லாமல் முதலாளிகளின் பணத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

1841-இல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் ஒரு மெல்லிய குச்சியால் அந்தச் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்தினான். காய் பிடித்தது! மடகாஸ்கரிலும், முஸ்லிம்கள் வாழும் கொமொரோஸ் தீவுகளிலும் இன்றும் இதே முறைதான். அல்லாஹ் அறிவைக் கொடுக்கும்போது எசமானா, அடிமையா என்று பார்ப்பதில்லை.

தோட்ட முதலாளிகள் செல்வம் சேர்த்தார்கள். எட்மண்டுக்கு என்ன கிடைத்தது? 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலை கிடைத்தது. ஆனால் அவருடைய ஹக் அவருக்குப் போய்ச் சேரவில்லை. 1880-இல் வறுமையிலேயே இறந்தார்.

சகோதரர்களே! கியாமத் நாளில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் எச்சரிப்பதை நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்தார்கள். புகாரியில் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது. அந்த மூவரில் ஒருவன், சுதந்திரமான மனிதனை விற்று அந்தப் பணத்தை உண்டவன். இன்னொருவன், வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன். அல்லாஹ்வே எதிர்த்தரப்பாக நின்றால் நமக்காக யார் பேசுவார்?

அடிமைகளை வைத்திருந்தவர்களைக் குறை சொல்வது சுலபம். நம் கடையைப் பார்ப்போம். வேலைக்கு நிற்கும் பையன் சொன்ன யோசனையால் வியாபாரம் பெருகினால், அதை நம் சாமர்த்தியம் என்கிறோம். அவன் சம்பளம் கேட்டால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறோம். வீட்டில் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு இரண்டு நாள் லீவுக்காகக் கூலியைப் பிடிக்கிறோம்.

இன்று ஜும்ஆ முடிந்து போனதும், யாருடைய கூலி நம்மிடம் நிற்கிறதோ அவரை அழைத்துக் கொடுத்துவிடுங்கள். யாருடைய அறிவால் பலன் கண்டோமோ, அவர் பெயரைச் சபையில் சொல்லுங்கள்.

உழைப்பவரின் ஹக்கைப் பேணி நடக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.