பழைய மனையும் பின்வந்தோர் கடமையும்

ஒரு பொருளின் உறுப்புக்கள் ஒவ்வொன்றாக மாறிவருமாயின், எத்துணை மாற்றத்தின்பின் அது பழைய பொருளன்று எனல் தகும்? தீசியசு என்பான் ஏறிவந்த மரக்கலத்தை ஆதென்சு நகரத்தார், உளுத்த பலகைகளை நீக்கிப் புதியன செறித்துக் காத்துவந்தனரென்றும், அஃது அதே மரக்கலமோ வேறோவெனத் தத்துவநூலார் இருதிறத்தராய் வாதித்தனரென்றும் கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் எழுதிவைத்தனர். அவ்வழக்கு இன்னும் முடிந்திலது. ஆயினும் இவ்வினாவை ஆராய்தற்கு மரக்கலத்தினும் மனையே ஏற்றதென்பது எமது கருத்து. அம்மரக்கலம் காட்சிக்கு வைக்கப்பட்டது. மனையிலோ மக்கள் வாழ்கின்றனர். வாழ்வோர் பழுதுபார்ப்பதோடு அமையார். தத்தம் வேண்டுதற்கேற்பக் கூட்டியுங் குறைத்தும் வருவர். ஆதலின் எது பழையது என்பதனோடு, எவ்வளவு மாற்றலாம் என்னும் அறவினாவும் அங்கே எழுகின்றது.

இங்கிலாந்திலே செசயர் நாட்டில் லிற்றில் மோற்றன் ஹோல் என்னும் பழைய மாளிகையொன்று உளது. ஏறத்தாழ 1504 முதல் 1508 வரையில் அதன் முதற்பகுதி எழுந்தது. மோற்றன் குடும்பத்தார் தலைமுறைதோறுங் கட்டிப் பெருக்க, 1610 அளவில் இன்றைய உருவை எய்திற்று. அஃது ஓக்கு மரச் சட்டத்தாலாயது. இத்தகைய வீட்டிலே மரங்களைக் கழுந்துந் துளையுமாகப் பொருத்தி மரவாணியால் இறுக்குவர். இடைவெளிகளை வரிச்சுக் கட்டி மண்ணப்பி மூடுவர். பாரந் தாங்குவது சட்டமே. சுவர் வெளியை அடைப்பது மாத்திரமே. எனவே சுவரை நீக்கிப் பலகணி வைத்தலும், அறை கூட்டுதலும் எளிது. அவ்வெளிமையே இடருக்குங் காரணமாயிற்று.

அம்மாளிகையின் பெருமண்டபம் முதலிற் கூரையளவும் வெளியாயிருந்தது. 1559 இல் அதனிடையே ஒரு மேற்றளம் அமைத்து, முற்றத்தை நோக்கி இரு பெரும் பலகணிகளும் வைத்தனர். அவற்றை இயற்றிய தச்சன் றிச்சட் டேல் தன் பெயரையும் அங்கே செதுக்கிவைத்தான். பின்னர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள், அம்மேற்றளம் நீக்கப்பட்டது. மண்டபம் மீண்டுங் கூரையளவும் வெளியாயிற்று. இரு தளங்களுக்கென அமைத்த பலகணிகளோ இன்றும் நிற்கின்றன. அங்ஙனமாயின் மண்டபம் தன் முதனிலையை அடைந்ததோ? அடைந்திலது. நீக்கப்பட்ட தளமுந் தன் சுவட்டைப் பலகணியில் விட்டுச் சென்றது.

ஏறத்தாழ 1560 முதல் 1562 வரையில் எழுந்த தென்பகுதியின் உச்சியிலே, சுமார் 68 அடி நீளமான நெடுங்கூடமொன்று உளது. மழைநாளில் உலாவுதற்கும் விளையாடுதற்கும் அஃது உதவிற்று. அதன் கூரையோ கனத்த கற்பலகைகளால் வேயப்பட்டது. அப்பாரத்தால் கீழ்த்தளங்கள் வளைந்து நெளிந்தன. மேலே உலாவினோர் வேறு. கீழே சுமந்த மரங்கள் வேறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே உருக்குக் கோல்களைச் செலுத்தி அதனை நிலைப்படுத்தினர்.

இன்னுமொன்று கேண்மின். இம்மாளிகையைக் காண்போர் கரிய மரமும் வெள்ளைச் சுவருமாகிய கோலத்தையே பழமையென வியப்பர். அக்கோலமோ விக்டோரியா மகாராணியார் காலத்தது. முன்னே மரம் பூச்சின்றி வெயிலிலும் மழையிலும் வெள்ளிபோல் வெளிறிற்று. சுவர் காவிமஞ்சள் நிறத்தது.

முதனிலைக்கு மீட்டலே அறம் என்பாரை, எம்முதனிலைக்கு என்று வினவுக. 1508 ஐ மீட்பின் டேல் செதுக்கிய பலகணிகளை இழத்தல் வேண்டும். அற்றேல், எல்லா மாற்றமுந் தக்கதே என்று கொள்ளலாமோ? அதுவும் பொருந்தாது. மாற்றத்தை அதன் வயதினால் அளத்தல் கூடாது. சுமக்கும் உறுப்பினை அது நோக்கிற்றா என்பதனால் அளத்தல் வேண்டும். அவ்வாறளப்பின், ஓக்கு மரத்தோடு யாதோர் உறவுமில்லாத உருக்குக் கோல், அம்மரத்தின்மேற் பூசிய கருமையினும் அம்மனைக்கு உரியதாகும். கோல் தன்னை மறையாது பாரத்தைப் பகிர்ந்தது. கருமையோ பழமைபோற் பொய்த்தோற்றங் காட்டிற்று.

நெடுங்கூடத்தை இடித்திருப்பின் கோல் வேண்டாவே என்பாரும் உளராவர். அற்றன்று. முன்னோர் ஆராயாது ஏற்றிய பாரமும், காலஞ்செல்ல, அவர்விட்ட அழகோடு பிரிக்கலாகாதபடி ஒன்றிவிடுகின்றது. நல்லதை மாத்திரம் பெற்றுப் பாரத்தைத் துறப்பேம் என்றல் பின்வந்தோர்க்கு ஆகாது. இரண்டையும் ஏற்றுத் தாங்குதலே அவர்க்குக் கடன். ஏறக்குறைய 450 ஆண்டு ஒரு குடும்பத்ததாயிருந்த அம்மாளிகை, 1938 இல் தேசிய நம்பிக்கை நிதியத்தின் கைக்கு வந்தது. அதற்கு முன்னும் அதில் வாழ்ந்தோர் உடையார் எனப்பட்டனராயினும், உண்மையிற் காவலரே.

ஆசிரியர்காள், பாடமுறையும் முன்னோர் விட்ட மனையே. புதியதொன்றைக் கூட்டற்க என்று யாங் கூறேம். கூட்டுமுன், அதன் பாரம் எவ்விளந்தோளில் இறங்கும் என்பதைக் கீழ்த்தளத்திற்குச் சென்று பார்த்துக்கொள்க என்றே கூறுகின்றேம்.