எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் பெண்ணின் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் இப்படி வரும்: கீறல் இடப்பட்டது. ரத்தப்போக்கு காணப்பட்டது. கருப்பை அகற்றப்பட்டது. நோயாளியின் உறவினரிடம் விளக்கப்பட்டது. எல்லாம் செயப்பாட்டுவினை. ஒரு வினை நிகழ என்னென்ன வேண்டும் என்று தொல்காப்பியர் கணக்குப் போடுகிறார். செய்பவர், செய்யப்படும் பொருள், இடம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக என்று அந்தக் கணக்கு நீளும். மருத்துவமனைத் தாளில் காலமும் கருவியும் நிமிடக் கணக்கில், மில்லிகிராம் கணக்கில் துல்லியமாக இருக்கின்றன. செய்தவரைக் காணோம். யாருக்குச் செய்யப்பட்டதோ அவளையும் காணோம். அவள் இருந்த இடத்தில் ஓர் உறுப்பின் பெயர் இருக்கிறது.

இது தமிழ் வாத்தியாரின் பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் சட்டம் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்: செய்தது யார்? அந்தப் பதிலை வைத்துத்தான் நடந்தது சிக்கலா, பிழையா, கவனக்குறைவா, குற்றமா என்று நான்கு பெட்டிகளில் ஒன்றில் அது போடப்படுகிறது. எந்தப் பெட்டியிலும் அடங்காதது 'விதி' ஆகிறது. 'பிள்ளைப்பேறு மறுபிறவி' என்று ஆறுதல் சொல்கிற நம் ஊரில் அந்தக் கடைசிப் பெட்டி எப்போதும் நிரம்பித்தான் இருக்கிறது. இந்தப் பெட்டிகளுக்கு நடுவே கோடு போடுவது யார், எந்த உடலை மனத்தில் வைத்துப் போடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கோட்டின் வரலாறு 1957இல் லண்டனில் நடந்த போலம் வழக்கிலிருந்து தொடங்குகிறது. மனச்சோர்வுக்கு மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு, தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுக்காததால் எலும்புகள் முறிந்தன. பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் சரியென்று ஏற்கும் முறையில் ஒரு மருத்துவர் நடந்திருந்தால், வேறொரு சாரார் அதை மறுத்தாலும், அது கவனக்குறைவு ஆகாது என்று அங்கே முடிவானது. நம் உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதையே அளவுகோலாக ஏற்றது. மருத்துவர் மீது குற்ற வழக்கு தொடரச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, அது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தும் வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பவருக்கு ஐந்தாண்டுவரை சிறை என்கிறது. சிகிச்சையின்போது அதைச் செய்பவர் பதிவுபெற்ற மருத்துவர் என்றால் இரண்டாண்டுவரை.

இந்தப் பாதுகாப்பை நான் எதிர்க்கவில்லை. 2022இல் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் ஒரு பெண் இறந்தாள். மருத்துவம் பார்த்த பெண் மருத்துவர் மீது கொலை வழக்குப் பதிவானது. அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இரண்டு பெண்களின் சாவுக்கும் சேர்த்து ஒரே பதிலைத்தான் அந்த ஊர் தேடியது: செய்தவர் யார்? நடுஇரவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக நிற்கும் மருத்துவரும் செவிலியரும் ஒவ்வொரு சாவுக்கும் போலீசுக்குப் பயப்பட வேண்டுமென்றால், அடுத்த கர்ப்பிணியைத் தொடாமலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். வழியில் இறப்பவளும் பெண்தான்.

என் மறுப்பு வேறிடத்தில் இருக்கிறது. 'எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம்' என்பது அளவுகோலானால், எல்லாரும் செய்வதே தவறாக இருக்கும்போது என்ன ஆகும்? பிரசவ அறையில் அதட்டுவது, கேட்காமல் கீறுவது, வலியில் கத்துகிறவளைப் பழைய சுகத்தைச் சொல்லிக் கேலி செய்வது எல்லாம் நெடுங்காலம் வழக்கமாகவே இருந்திருக்கின்றன. வழக்கத்தை அளவுகோலாகக் கொண்ட சட்டத்துக்கு வழக்கமான வன்முறை கண்ணில் படாது. வெனிசுவேலா 2007இலும் அர்ஜென்டினா 2009இலும் 'மகப்பேற்று வன்முறை' என்ற சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. சட்டம் வந்ததால் வன்முறை நின்றுவிடவில்லை. ஆனால் அதைச் சொல்ல ஒரு சொல் கிடைத்தது. நம்மிடம் 2017இன் லக்ஷ்யா திட்டத்தில் மரியாதையான மகப்பேற்றுப் பராமரிப்பு பற்றிய வழிகாட்டுதல் இருக்கிறது. மீறினால் அதற்கொரு பெயர் சட்டத்தில் இல்லை.

2008இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இந்த இடத்தை நன்றாகக் காட்டும். டெல்லியில் 44 வயதான, மணமாகாத ஒரு பெண், லேப்ராஸ்கோபி மூலம் நோயைக் கண்டறிவதற்காக மயக்க மருந்துக்கு உட்பட்டார். அவர் மயங்கியிருந்தபோதே, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் பெற்று, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். மருத்துவத் தொழில்நுட்பப்படி ஆபரேஷனில் குறையில்லை என்று வைத்துக்கொள்வோம். காயம் என்ன? கவனக்குறைவு என்ற பெட்டி இதற்கு உதவாது, ஏனென்றால் எல்லாம் கவனமாகவே செய்யப்பட்டிருக்கிறது. நீதிமன்றம் இதை அனுமதியற்ற செயல் என்றது. உணர்வோடு கூடிய வயதுவந்த பெண்ணுக்காக, உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், அவள் தாய்கூடச் சம்மதம் தர முடியாது என்றது. இவ்வளவும் சரி. இழப்பீடு 25,000 ரூபாய். மருத்துவர் நல்லெண்ணத்துடன் செய்தார் என்பது தொகையைக் குறைத்தது. கேட்காமல் எடுத்ததன் விலை, நல்லெண்ணத்தைக் கழித்தால், அவ்வளவுதான் வந்தது.

அதே தீர்ப்பு, நோயாளிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை மருத்துவ வழக்கத்திடமே விட்டது. இங்கிலாந்து இந்த இடத்திலிருந்து 2015இல் நகர்ந்துவிட்டது. நீரிழிவுள்ள, உருவத்தில் சிறிய ஒரு கர்ப்பிணியிடம், குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் சிசேரியன் கேட்பாள் என்பது மருத்துவரின் எண்ணம். மான்ட்கோமரி வழக்கில் அங்குள்ள உச்ச நீதிமன்றம், மருத்துவர்கள் எதைச் சொல்வது வழக்கம் என்று பார்க்காமல், அந்த நிலையில் இருக்கும் ஒரு பெண் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவாள் என்று கேட்டது. அங்கே வாக்கியத்தின் எழுவாய் மாறியது.

இனி நமக்கு மிகப் பழக்கமான ஆபரேஷனுக்கு வருவோம். ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான அறுவை 0.3 சதவீதம். நம் ஊர்ச் சுவர்களில் 'கு.க.' என்ற இரண்டெழுத்துக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆபரேஷன் செய்த பிறகும் கரு தங்கினால், அது என்ன?

ஹரியானாவில் ஏழு குழந்தைகள் பெற்ற ஒரு கூலித் தொழிலாளிக்குக் கு.க. செய்தபோது வலக் கருக்குழாயை மட்டும் அடைத்துவிட்டு இடக் குழாயை விட்டுவிட்டார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. 2000இல் உச்ச நீதிமன்றம் அது கவனக்குறைவு என்றது, குழந்தையை வளர்க்கும் செலவுக்கான 54,000 ரூபாய் இழப்பீட்டை உறுதிசெய்தது. ஐந்தாண்டு கழித்து, பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், சரியாகச் செய்த ஆபரேஷனும் உடலின் இயல்பால் தோற்கலாம், அது கவனக்குறைவல்ல என்றது. மருத்துவப்படி இது உண்மை. ஆனால் தீர்ப்பு அங்கே நிற்கவில்லை. மாதவிலக்கு தப்பியதும் பெண் மருத்துவரிடம் போயிருக்கலாம். கருத்தடை தோற்றால் கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. அதன் பிறகும் அவள் பெறத் தீர்மானித்தால் அது வேண்டாத குழந்தை ஆகாது, வளர்ப்புச் செலவு கேட்க முடியாது. கு.க. ஒப்புதல் படிவத்திலும் இதே நிழல் உண்டு: மாதவிலக்கு தப்பினால் இரண்டு வாரத்துக்குள் தெரிவிப்பேன் என்று அவள் கையெழுத்திடுகிறாள்.

இந்த வாக்கியங்களில் எழுவாய் இருக்கிறது. மருத்துவமனையின் செயலைச் சொல்லும்போது காணாமற்போன எழுவாய், பொறுப்பைச் சொல்லும்போது பெண்ணாகத் திரும்பி வருகிறது. அவள் கவனித்திருக்க வேண்டும், அவள் போயிருக்க வேண்டும், அவள் தீர்மானித்தாள். பால் கொடுக்கும் மாதங்களில் விலக்கு ஒழுங்காக வராது என்பதும், கு.க. செய்தவளின் வயிறு தெரிந்தால் ஊர் எதைச் சந்தேகிக்கும் என்பதும் எந்தப் பெட்டியிலும் இல்லை.

2013இல் உருப்பெற்ற குடும்பநல இழப்பீட்டுத் திட்டம் இந்தச் சண்டையைச் சுருக்க ஓர் அட்டவணை தந்தது. மருத்துவமனையிலோ வீடு திரும்பிய ஏழு நாளுக்குள்ளோ இறந்தால் இரண்டு லட்சம். எட்டாம் நாளிலிருந்து முப்பதாம் நாளுக்குள் இறந்தால் ஐம்பதாயிரம். ஆபரேஷன் தோற்றால் முப்பதாயிரம். தொகைகள் பின்னர் உயர்ந்தன. ஏழாம் நாள் இறந்தவளுக்கும் எட்டாம் நாள் இறந்தவளுக்கும் இடையே ஒன்றரை லட்சம் ரூபாய் வித்தியாசம். அரசுக்கு எங்காவது கோடு போட்டாக வேண்டும், புரிகிறது. ஆனால் கிருமிக்கு நாட்காட்டி தெரியாது.

நீதிமன்றமல்லாமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்பார்கள். 1995இல் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின் 'சேவை'க்குள் கொண்டுவந்தது. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனையை வெளியே விட்டது. காசு கொடுக்காதவள் நுகர்வோர் அல்ல. அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் ஏழைப் பெண்ணுக்குச் சிவில் வழக்கும் ரிட் மனுவும் உண்டு, வழக்கறிஞர் கிடைத்தால்.

எண்ணிக்கையிலும் இதே கதை. கர்ப்ப காலத்திலோ, அது முடிந்த 42 நாளுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புள்ள காரணத்தால் இறந்தால்தான் அது தாய்மரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்செயலான காரணங்கள் சேராது. கர்ப்பிணியின் தற்கொலையும் பிள்ளை பெற்றவளின் தற்கொலையும் நெடுங்காலம் அந்தத் 'தற்செயல்' பக்கத்தில் கிடந்தன. அவற்றை நேரடித் தாய்மரணமாகவே வகைப்படுத்தச் சொல்லும் வழிகாட்டுதல் 2012இல்தான் வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 2012இல் தோன்றிய நோயல்ல. வரையறைதான் அந்த ஆண்டில் அவளைப் பார்த்தது.

வேறு வழியும் உண்டு என்பதற்கு நியூசிலாந்தைச் சொல்லலாம். அங்கே 1974 முதல், விபத்தில் காயமுற்றவர் யாருடைய தவறு என்று நிரூபிக்காமலே அரசின் காப்பீட்டிலிருந்து சிகிச்சையும் உதவியும் பெறலாம். மருத்துவப் பிழை என்ற சொல்லை 2005இல் விட்டுவிட்டு, 'சிகிச்சைக் காயம்' என்ற சொல்லுக்கு மாறினார்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்தால்தான் காயத்துக்கு மருந்து என்ற நிபந்தனை போனது. ஆனால் அவ்வளவு தாராளமான அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. விபத்து என்றால் உடலுக்கு வெளியிலிருந்து வரும் விசை. ஆணோ பெண்ணோ கீழே விழுந்து தசை கிழிந்தால் விபத்து. பிரசவத்தில் பெண்ணுக்குக் கிழிந்தால் விபத்தல்ல, ஏனென்றால் குழந்தை உள்ளேயிருந்து வருகிறது. மலத்தையும் சிறுநீரையும் அடக்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் வாழும் பெண்கள் இந்த 'வெளி' என்ற ஒரு சொல்லுக்கு வெளியே நின்றார்கள். 2022 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, பிரசவத்தின்போது உடலுக்குள்ளிருந்து வரும் விசையும் விபத்து என்று திருத்தினார்கள். பட்டியலிட்ட காயங்களுக்கு மட்டும். அதற்கு முன் பிரசவித்தவர்களுக்கு இல்லை.

விபத்தை வரையறுத்தவர்கள் பெண்களை வெறுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. மனித உடல் என்று எழுதும்போது பிள்ளை பெறாத ஓர் உடல் அவர்கள் மனத்தில் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாவற்றையும் 'யார்மீதும் குற்றமில்லை' என்று ஆக்கிவிடலாமா? கூடாது என்பதற்குச் சாட்சி பிகாரும் சத்தீஸ்கரும். 2012 ஜனவரியில் பிகாரின் அரரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், டார்ச் வெளிச்சத்தில், இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கு.க. செய்தார்கள். 2014 நவம்பரில் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு. அந்த மாவட்டத்து முகாம்களில் 13 பெண்கள் இறந்தார்கள். மருந்தில் நஞ்சா, கிருமித் தொற்றா என்று நாடு விவாதித்தது. ஒரு மருத்துவரின் கையைத் தேடினோம், ஒரு மாத்திரையைத் தேடினோம். அவ்வளவு பெண்களை ஒரே நாளில் வரிசையில் படுக்கவைத்த இலக்கு யார் போட்டது? தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டுக்குள் முகாம் முறையை முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. செய்பவர் என்ற இடத்தில் எப்போதும் ஒரு தனி மனிதர் நிற்க வேண்டியதில்லை என்பதை அந்த வழக்கு காட்டியது. ஓர் இலக்கு நிற்கலாம், ஒரு துறை நிற்கலாம்.

ஆகவே இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். அவளுக்கு என்ன நேர்ந்தது? அதற்கு யார் பொறுப்பு? இப்போது முதல் கேள்விக்கான பதில், இரண்டாவதன் பதிலுக்காகக் காத்துக்கிடக்கிறது. குற்றம் நிரூபணமாகாவிட்டால் காயமே இல்லாமல் போகிறது. அவள் காயத்தை ஒப்புக்கொண்டு, சிகிச்சையும் உதவியும் தந்துவிட்டு, பிறகு பொறுப்பை நிதானமாகத் தேடலாம். அப்படித் தேடினால் மருத்துவரும் பயமில்லாமல் உண்மையைச் சொல்வார். அந்த உண்மையில் அவளுடைய கூற்றும் இருக்க வேண்டும். இன்றைய பதிவேட்டில் நாடித்துடிப்புக்கு இடமுண்டு, அவள் சொன்னதற்கு இல்லை.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று. மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் தந்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும். உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ ஆபரேஷன் நடந்தால் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே செய்தவர் யார், கேட்டார்களா, என்ன சொன்னார்கள் என்று அவளிடம் கேட்டு எழுதி வையுங்கள். தேதி போடுங்கள். நாளை ஒரு நீதிமன்றத்துக்கு அது தேவைப்படாமலே போகலாம். தனக்கு நடந்ததைத் தன் வாயால் சொல்லி, அது எழுதப்படுவதை அவள் பார்த்திருப்பாள்.