பெயரற்ற இறந்தோரும் குற்றப்பத்திரிகையும்

1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்தபோது, அங்கே ஏறத்தாழ 60,000 பேர் பட்டினியாலும், பேன் வழியே பரவும் டைஃபஸ் காய்ச்சலாலும் நலிந்து கிடந்தனர். அடக்கம் செய்யப்படாத உடல்கள் 13,000 அளவில் இருந்தன. உடல்களைப் பெருங்குழிகளில் புதைத்துக் குடில்களைக் கொளுத்தினாலன்றி நோய் அடங்காது என்ற நிலையில், குற்றத்தின் தடயங்களும் அவற்றோடு மறைந்தன. உயிருள்ளோரைக் காப்பதே முதற்கடமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொல்லப்பட்டவர் யார், கொன்றவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் நீதிமன்றத்தின் முன், இறந்தவரின் பெயரையே இல்லாமலாக்கிய ஒரு கொடுமையை எவ்வாறு நிறுத்துவது என்ற கேள்வி எஞ்சியது.

விசாரணை அதிகாரிகள் காவலர்களின் புகைப்படங்களை மீண்டோரிடம் காட்டி, அடையாளம் கண்டோரிடமிருந்து பிரமாண வாக்குமூலங்களை, அதாவது சத்தியம் செய்து கையொப்பமிட்ட எழுத்துச் சாட்சியங்களை, பெற்றனர். சாட்சி கூறியவர் நேரில் வராதபோதும் அவை ஏற்கப்பட்டதால், அவரைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எதிர்த்தரப்புக்கு இல்லாமற்போனது. இது சிறு குறையன்று. இதைவிடப் பெருங்குறை குற்றப்பத்திரிகையிலேயே இருந்தது. போர்க்குற்றம் என்பது போர்முறைச் சட்டங்களை மீறி எதிரிநாட்டாருக்கு இழைக்கப்படும் தீங்கு எனக் கொள்ளப்பட்டமையால், அந்தக் குற்றப்பத்திரிகை நேசநாட்டுக் குடிமக்களில் சிலரைப் பெயர் சுட்டியும் ஏனையோரைப் பெயர் அறியப்படாதோர் என்றும் குறிப்பிட்டது; ஜெர்மானிய யூதர்கள் அதன் வரம்புக்குள் வரவேயில்லை. ஒரே முகாமில் ஒரே பசியால் மாண்டோரைக் குடியுரிமையால் பிரித்த அந்த வரையறை, சட்டப்படி சரியாயினும், அறத்தின்படி பிழையே.

லூனபர்க் நகரில் செப்டம்பர் 17 முதல் நவம்பர் 17 வரை நடந்த விசாரணையின் முடிவில், தீர்ப்புக்குரிய 44 பேரில் 14 பேர் விடுவிக்கப்பட்டனர். மீண்டோருக்கு அது எத்துணைக் கசப்பாயிருந்திருப்பினும், விடுவிக்கவும் இயலும் மன்றமே தண்டிக்கும் தகுதியுடையது. குற்றவியல், அரசியல், ஒழுக்கவியல், மெய்யியல் எனப் பொறுப்பை நான்காகப் பகுத்த தத்துவஞானி கார்ல் யாஸ்பர்ஸ், முதலாவதே நீதிமன்றத்துக்குரியது என்றார். நான்காவதான மெய்யியற் பொறுப்பு, பிறர் கொல்லப்படத் தான் உயிரோடிருப்பதால் மனிதனைச் சேர்வது. அதை விசாரிக்க எந்த மன்றத்துக்கும் அதிகாரமில்லை. ஆனால் குற்றப்பத்திரிகையில் விடுபட்ட ஜெர்மானிய யூதர்களுக்கு இழைக்கப்பட்டதோ முதல்வகைக் குற்றமே. ஜெர்மானியர் ஜெர்மானியருக்கு இழைத்த இத்தகைய குற்றங்களை ஜெர்மன் நீதிமன்றங்களிடம் ஒப்படைக்க இடமளித்த நேசநாடுகளின் கட்டுப்பாட்டுக் குழுச் சட்டம் 1945 டிசம்பர் 20 அன்று பிறப்பிக்கப்பட்டது. பெல்சன் தளபதி யோசப் கிராமர் அதற்கு ஒரு வாரம் முன்பே தூக்கிலிடப்பட்டிருந்தார்.