காப்பவையும் காவாதவையும்

உணவு கெடாதிருத்தல் வேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இராது. ஆனால், உணவைக் காக்கும் பொருள் உண்பவனைக் காவாது விடின் அப்பழி யாரைச் சாரும் என்பதே சிந்திக்கற்பாலது.

யப்பானில் 1965 முதல் சோயாக்கட்டியிலும் மீன் சொசேச்சிலும் பியூரைல்பியூரமைட்டு என்னும் காப்புப் பொருள் சேர்க்கப்பட்டது. அது பற்றீரியங்களின் பரம்பரையலகுகளில் விகாரத்தை உண்டாக்குவது 1970களின் தொடக்கத்திற் கண்டறியப்பட்டது. 1974இல் தடை வந்தது. அனுமதித்தோர் அறிந்து தீங்கிழைத்தாரல்லர். எனினும், ஊதியம் ஒருவர் கையிலும் இடர் மற்றொருவர் உடலிலும் சேர்ந்தமை தற்செயலன்று.

இதனை அயல்நாட்டுச் செய்தியெனத் தள்ளிவிட யாழ்ப்பாணத்தவர்க்கு இயலாது. இறைச்சியைப் பதனிடப் பயன்படும் நைத்திரேற்று இங்கு கிணற்று நீரிலேயே கரைந்துள்ளது. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. நிலத்தடி நீரே தஞ்சம். சுண்ணக்கல்லின் வெடிப்புக்களூடாக மழைநீர் இறங்குகையில், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இட்ட பசளையின் எச்சமும் மலகூடக் குழிகளின் கசிவும் உடனிறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். தோட்டச் செய்கை மிகுந்த பகுதிகளிற் பல கிணறுகள் அதனைத் தாண்டியமையை 1980கள் தொட்டு வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. உடலினுள் நைத்திரேற்றின் ஒரு பகுதி நைத்திரைற்றாக மாறி, இரைப்பையில் அமைன்களோடு கூடி, பரம்பரையலகைச் சிதைக்கவல்ல நைத்திரோசமைன்களைத் தோற்றுவித்தல் கூடும்.

இக்கூட்டத்தை விற்றமின் சீ தடுக்கவல்லது என்பதை 1972இல் மேர்விசும் அவர்தம் குழுவினரும் எடுத்துக்காட்டினர். நெல்லியும் கொய்யாவும் தேசியும் வளவில் நிற்கும் ஊருக்கு இது நற்செய்தியே. ஆனால், மாற்று உண்டென்பது மாசுபடுத்துவதற்கு அனுமதிப்பத்திரமாகுமா? மாற்றும் எப்பொழுதும் நம்பத்தக்கதன்று. பின்லாந்திற் புகைபிடிக்கும் 29,133 ஆடவரைக் கொண்டு நிகழ்ந்து 1994இல் வெளியான ஆய்வில், பீற்றாக் கரற்றீன் வில்லை உட்கொண்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. பழத்தில் உள்ளது வில்லையிலும் அவ்வாறே தொழிற்படும் என்ற எண்ணம் பொய்த்தது.

தோட்டக்காரனைத் தீயவனென்றல் பொருந்தாது. கடனில் வாங்கிய பசளையை இட்டவன் அவன். அக்கிணற்று நீரையே அவனும் பருகுகின்றான். ஆயின் கிடுகுவேலி நிலத்தின் மேலேதான் நிற்கின்றது. கீழே நீர் எல்லை அறியாது. அயல் வீட்டில் ஆறு மாதம் நிரம்பாத குழவிக்கு அந்நீரிற் பால்மா கரைக்கப்படுகின்றது. கொதிக்க வைப்பதால் நைத்திரேற்று நீங்குவதில்லை. நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். மிகுந்தால் குருதியின் ஒட்சிசன் காவுந் திறன் குன்றிக் குழவியின் உடல் நீலம் பாரிக்கும். நெல்லிச்சாறு அருந்துமாறு அக்குழவிக்கு யார் அறிவுரை கூறுவது?