சுமையின் எடை

ஒரு பொருளை நல்லதென்றோ தீயதென்றோ சொல்லிவிட முடியுமா?

கரியிழைகளை நெய்து, அவற்றினிடையே கரியையே நிரப்பி இறுக்கிச் செய்யும் கூட்டுப்பொருள் ஒன்று உண்டு. இரும்பின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே அதன் எடை. எனினும் இரும்பு உருகும் வெப்பத்தையும் அது தாங்கும். விண்ணிலிருந்து காற்று மண்டலத்துள் மீண்டும் பாயும் ஏவுகணையின் முகப்பு எரிந்துபோகாமல் காக்க நம் அறிவியலார் இதைப் பயன்படுத்தினர். 1989 மே 22 அன்று முதன்முதலாகப் பறந்த அக்னி ஏவுகணை இத்தகைய கவசத்தோடு சென்றது.

அத்திட்டத்தை வழிநடத்திய அப்துல் கலாம் ஒரு நிகழ்ச்சியைப் பலமுறை நினைவுகூர்ந்தார். ஐதராபாத்திலுள்ள நிஜாம் மருத்துவக் கழகத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் அவரது ஆய்வுக்கூடத்திற்கு வந்து, அந்த இலேசான பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தார். உடனே கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சிறுவர் சிறுமியர் மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட உலோகத் தாங்கிகளைக் கால்களில் பூட்டி, இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தனர். மூன்றே வாரங்களில் 300 கிராம் எடையுள்ள தாங்கிகள் உருவாயின. பிள்ளைகள் தடையின்றி நடந்தனர். பெற்றோர் கண்ணீர் உகுத்தனர்.

இதனால் ஏவுகணையும் புனிதமாகிவிட்டது என்று நாம் அமைதியடைதல் ஆகாது. படைக்கலப் போட்டி ஏழைகளைப் பெரிதும் வருத்துகிறதென 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் விடுத்த எச்சரிக்கை அப்படியே நிற்கிறது.

எனினும் இந்நிகழ்ச்சியில் என் நெஞ்சை உறுத்துவது அந்த மூன்று வாரமே. அவ்வளவு விரைவில் செய்ய முடிந்ததென்றால், அறிவு முன்னரே இருந்தது, பொருளும் இருந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியிடம் செல்லும் வழியில் எவரும் நடக்கவில்லை, அதுவே குறை. அங்கிருந்தோர் நாள்தோறும் தொட்ட பொருளைத்தான் மருத்துவரும் தொட்டார். அவர்களுக்கு இலேசு என்பது ஏவுகணை செல்லும் தொலைவு. அவருக்கோ ஒரு குழந்தையின் கால். தம் நோயாளிகளை மனத்தில் சுமந்து வந்ததாலேயே அவரால் அதைக் காண முடிந்தது.

பிறர் தோள்மீது பெருஞ்சுமைகளை ஏற்றிவிட்டு, தாம் விரலையும் அசைக்காதிருந்தோரை இயேசு கண்டித்ததை மத்தேயு நற்செய்தியில் காண்கிறோம். சுமையை ஏற்றியவர் நாமல்லர் என்று நாம் சொல்லலாம். ஆனால் அதைக் குறைக்கும் வழி நம் கல்வியிலோ, தொழிலிலோ, சேமிப்பிலோ இருந்தும், சுமப்பவரைச் சென்று பாராதிருந்தால் நாம் குற்றமற்றவர்களா? இக்கேள்வியோடு இன்று நம் கைகளைப் பார்ப்போம்.