அடிவளையத்துக்கு மேலே ஒரு துளி

புதுச்சேரிக் கண்காட்சி ஒன்றில் அந்த ஸ்டோன்வேர் மண்கிண்ணத்தைப் பார்த்தேன். ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகளை மழை அரித்த மாதிரி உடம்பெல்லாம் வரிகள். ஒரு வரியின் வழியே கிளேஸ் என்னும் பச்சைப் பூச்சு வழிந்து, அடிவளையத்துக்கு நூலிழை மேலே துளியாக நின்றிருந்தது.

"இதை எப்படி நிறுத்தினீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்கங்க நிறுத்தினேன்? தானா நின்னுச்சு. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா சூளைத் தட்டோட ஒட்டியிருக்கும். உடைச்சுத்தான் எடுத்திருக்கணும்" என்றார் செய்தவர்.

அந்தத் துளி என்னை விடவில்லை.

ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய ஊர் அது. அங்கே இந்தத் தொழில் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஸ்டோன்வேருக்கு 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கிளேஸ் உருகிக் கண்ணாடியாகும். விறகுச் சாம்பல் அதிகம் சேர்ந்திருந்தால் தாராளமாக ஓடும். துளி இரும்பு இருந்து, காற்றைக் குறைத்து எரித்தால் பச்சை வரும். அதே இரும்பு கூடினால் கறுப்பு. இவையெல்லாம் கிண்ணத்தைச் செய்தவருக்கு அத்துப்படி. ஆனாலும் சூளை வாயை அடைத்தபின் தீயைக் கூட்டலாம், குறைக்கலாம். கிண்ணத்தைத் தொட முடியாது.

சூளை செய்த பிழைக்கு என் பாட்டியிடம் மன்னிப்பு கிடையாது. சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மழுங்கினால் எங்கோ கீறல். எத்தனை அழகாக இருந்தாலும் கீழே வைத்துவிடுவாள். தண்ணீர் நிற்காத பானையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜப்பானின் இகாவில் செய்த ஒரு தண்ணீர்ச் சாடியைப் பற்றி எப்போதோ படித்தது இங்கே குறுக்கே வருகிறது. சூளையிலேயே உடம்பு தொய்ந்து, பெரிய விரிசல்களோடு வெளிவந்த சாடி. கிழிந்த பை என்றே பெயர் வைத்தார்கள். தேநீர்க் கலையின் பெரிய ஆசான் ஃபுருதா ஒரிபே அதைப் போற்றினார். இன்று டோக்கியோவின் கோதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தீ விட்ட வடுவையும் சாம்பல் வழிந்த தடத்தையும் அந்த நாட்டு ரசிகர்கள் மலையும் அருவியும் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பாட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அவளைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரிபே பார்த்த அழகையும் மறுக்க முடியவில்லை.

என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நாங்கள் நினைத்த படிப்பு வேண்டாம் என்கிறாள். அவளிடம் பேசப் போகும்போதெல்லாம் அந்தக் கிண்ணம்தான் நினைவுக்கு வருகிறது. தானாக நின்றது என்று செய்தவர் சொன்னாலும், கீழே ஒரு விரல் அகலம் விட்டுத்தான் பூசியிருந்தார். அடிவரை பூசியிருந்தால் நின்றிருக்காது. நான் அப்படி இடம் விட்டு வளர்த்தேனா? இப்போது கையை எடுத்தால் நிற்பாளா, ஓடிவிடுவாளா? ஓடினால்தான் என்ன என்றும் சில இரவுகளில் தோன்றுகிறது. விடிந்தால் அந்தத் துணிச்சல் இருப்பதில்லை.

எப்போது கையை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்களே, உங்களுக்கு அது எப்போது தெரிந்தது என்று சொல்லுங்கள்.